நிமிர்த்தும்போது போகிற பேர்

“ஏம்மா, என் மாட்ட எங்கண்ணனுக்கு எழுதிக் குடுக்க ஒங்க ஆப்பு யாரு?”

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, போனில், வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லாமல், இப்படித்தான் சொர்ணவல்லி அக்கா எனக்கு அறிமுகமானார். ஆலங்குடி பஸ்ஸை விட்டு இறங்கி, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எங்கள் ஆபீஸ் மாடிப்படியில் அப்போதுதான் கால் வைத்திருந்தேன். கீழே ஜெராக்ஸ் கடை, மேலே நாங்கள் நான்கு பேர். ஜவுளிக்கடைக்கு, டியூஷன் சென்டருக்கு, கல்யாண மண்டபத்துக்கு என்று கேட்பவர்களுக்கெல்லாம் ஆப் செய்து கொடுக்கிறோம். என் பேர் அன்புமொழி. வைத்தவர்கள் நல்லெண்ணத்தில்தான் வைத்தார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

“நீங்க தப்பா அடிச்சிருப்பீங்க அக்கா. மறுபடி பாருங்க” என்றேன். வெட்கம்கெட்ட பதில்தான். ஆனால் இந்தத் தொழிலில் எவர் கூப்பிட்டாலும் முதலில் வாயில் வருவது இதுதான்.

“நாலு தரம் அடிச்சேன். நாலு தரமும் என் பேருதான் அடிச்சேன். நாலு தரமும் உதயசூரியன்னு எங்கண்ணன் பேருதான் வருது. எம் பேரு எனக்குத் தெரியாதா?”

விஷயம் என்னவென்றால், இலுப்பூரிலிருந்து விராலிமலை போகிற வழியில் உள்ளே தள்ளி செங்குளத்துப்பட்டி என்று ஓர் ஊர். ஏழு ஊருக்குப் பொதுவான கோயில் அங்கே இருக்கிறது, மாசியில் ஜல்லிக்கட்டு. அரசாங்கத்துப் பதிவு, டாக்டர் சான்று எல்லாம் தனி. ஏழு ஊர் மாடுகளுக்கு மட்டும் கமிட்டி தன் வசதிக்கு ஒரு பட்டியல் போடும். வாடிவாசலில் மாடு அவிழ்க்கும்போது மைக்கில் சொல்கிற பேர் அந்தப் பட்டியலில் இருக்கிற பேர்தான். இந்த வருடம் நோட்டு வேண்டாம், ஆப் வேண்டும் என்று எங்களிடம் வந்தார்கள். செய்தது நான். உதவிக்கு அழைக்க என்று அதில் போட்டிருந்த நம்பரும் என்னுடையதுதான்.

ஆப்பில் மூன்று திரை. முதல் திரையில் வீட்டு நம்பர், மாட்டுக்காரர் பேர். இரண்டாவதில் மாட்டின் படம். மூன்றாவதில் எல்லாவற்றையும் ஒருமுறை காட்டி, அடியில் பதிவு செய்யும் பொத்தான். இதில் ஒரு வசதி செய்து வைத்திருந்தேன். கோயில் வரிக்காக ஏழு ஊரிலும் தலைக்கட்டுப் பட்டியல் உண்டு, ஒரு வீட்டுக்கு ஓர் ஆண். விதவையோ, புருஷனை விட்டு வந்தவளோ, கல்யாணமே வேண்டாம் என்று இருப்பவளோ தலைக்கட்டில் வரமாட்டாள். அண்ணன் தம்பியின் கணக்கில் அடங்கிவிடுவாள். கமிட்டி அந்தப் பட்டியலைக் கொடுத்தது. வீட்டு நம்பரை அடித்தால் தலைக்கட்டின் பேர் தானாக விழும்படி எழுதினேன். டைப் அடிக்கத் தெரியாதவர்களுக்கு உதவியாம். பேர் வேறென்றால் அழித்து மாற்றிக்கொள்ளலாம் அல்லவா என்று எனக்கு நானே ஒரு சமாதானம். இதை எழுதின அன்றைக்கு நான் ரொம்பப் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு ஒரு பஜ்ஜி அதிகமாகச் சாப்பிட்டேன்.

அக்காவின் வீட்டு நம்பரைப் போட்டேன், உதயசூரியன் என்று விழுந்தது. அழித்தேன், சொர்ணவல்லி என்று அடித்தேன், கம்ப்யூட்டரில் கிடந்த ஏதோ ஒரு மாட்டின் படத்தைப் போட்டேன், மூன்றாவது திரைக்குப் போனேன். சொர்ணவல்லி என்றுதான் இருந்தது. பத்து தடவை செய்தேன். பத்து தடவையும் சொர்ணவல்லி.

திரும்பக் கூப்பிட்டு, “இங்க சரியா வருதுக்கா” என்றேன்.

“அங்க வந்தா எனக்கென்ன, இங்க வரலையே. நீ போட்டோ எப்புடி எடுத்த?”

“படம் ஏற்கெனவே இருந்துச்சு.”

“அதானே பாத்தேன். நாங்க படுக்க வச்சு எடுக்குறோம் தாயி.”

“மாட்டையா?”

“வெளங்கும்! போன. போனப் படுக்க வச்சு. கொம்புலருந்து வாலு வரைக்கும் மாடு முழுசாத் தெரியணும்ன்னு கமிட்டி சொல்லிருக்குல்ல? போன வருசம் ஒருத்தன் ஒரு மாட்டக் காமிச்சுப்புட்டு வேற மாட்டக் கொண்டாந்து அவுத்துட்டான். நிக்க வச்சு எடுத்தா மாடு அடங்குமா?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் போனில் திரை திரும்புவதை நான் எப்போதும் அணைத்தே வைத்திருப்பேன். படுத்துக்கொண்டு படிக்கிற பழக்கம், போன் புரண்டால் எரிச்சல் வரும். இரண்டு மாதம் இந்த ஆப்பைச் செய்திருக்கிறேன், ஒரு தடவைகூட அதைச் சாய்த்துப் பார்த்ததில்லை. மாட்டுக்கு ஆப் செய்தவள் மாட்டை எப்படிப் படம் எடுப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

போனைச் சாய்த்தால் ஆப் அந்தத் திரையைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டும். கல்யாணப் பந்தலைப் பிரித்து வேறு திசையில் போடுவது போல. உள்ளே இருக்கிற சாமானை முன்னாடியே எடுத்துப் பத்திரமாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் போச்சு. நான் வைக்கவில்லை. அதனால் புதிதாகக் கட்டிய திரை, வீட்டு நம்பரைப் பார்த்து, தலைக்கட்டைத் தேடி, அண்ணன் பேரை எழுதிக்கொண்டது. அக்கா அடித்த பேரை அது மறந்துவிட்டது. மறந்தால் சும்மா இருக்க வேண்டியதுதானே? அண்ணன் பேரை எடுத்து ஒட்ட வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

எங்கள் ஆபீஸை நடத்துகிற நிலவழகன் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் டீ குடித்துக்கொண்டே கேட்டார்.

“திரும்ப விடாம லாக் பண்ணிரும்மா. ஒரு வரி. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுரும்.”

“லாக் பண்ணா மாடு அடங்காது சார். தள்ளி நின்னு எடுத்தா மாடு ஆட்டுக்குட்டி சைஸுக்கு விழும், எந்த மாடுன்னே தெரியாது. கிட்ட நின்னா வாலு இருக்காது.”

“வாலு இல்லைன்னா என்ன?”

“சார், நீங்க புதுக்கோட்டைக்காரரா, என்ன?”

அவர் சிரித்துவிட்டு, ஏற்கெனவே ஏறின பட்டியலைப் பார்க்கச் சொன்னார். அதுவும் நல்ல யோசனைதான். முதல் திரையில் என்ன அடித்தார்கள் என்பது தனியாக எங்களிடம் தேங்கியிருக்கும். ஏறியிருந்த இருநூற்றுப் பதினான்கு மாட்டையும் ஒப்பிட்டேன். பதினேழு பேருக்கு, அடித்த பேர் ஒன்று, ஏறிய பேர் ஒன்று. அதில் எட்டு பேர் மகன்கள், அப்பா பேர் ஏறியிருந்தது. மீதி ஒன்பதும் பெண்கள்.

கமிட்டித் தலைவர் வீரய்யாவுக்குப் போன் போட்டேன். எழுபது வயது இருக்கும், மரியாதையாகப் பேசுவார்.

“அந்த எட்டுப் பயலுவளும் நேத்தே வந்து கத்துனானுவத்தா. பேனாவால திருத்திக் குடுத்துட்டோம்.”

“அப்ப இந்த ஒம்பது பேருக்கும் திருத்திருங்க ஐயா.”

“அது… வீட்டு ஆம்பளைகளக் கேக்கணும்ல. நாளைக்கி ஒரு மனத்தாங்கல் வந்துரக் கூடாது பாரு.”

“அந்த எட்டு பேருக்கும் யாரக் கேட்டீங்க?”

பின்னால் ஏதோ டிராக்டர் சத்தம் கேட்டது. பிறகு, “ஏத்தா, மாடு வீட்டுக்குப் பொதுவு. யாரு பேரா இருந்தா என்ன?” என்றார். வியாழக்கிழமை அஞ்சு மணிக்குப் பட்டியலை மூடுவதாகவும், அதற்குள் அவரவர் ஆப்பில் மறுபடி பதிந்தால் அதுதான் கணக்கு, ஆப் என்ன சொல்கிறதோ அதையே மைக்கில் சொல்வோம் என்றும் முடித்தார். ஆப் சொல்லாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வாக்கைக் கொடுத்தார்.

அக்காவுக்கு விஷயத்தைச் சொன்னேன். யாரு பேரா இருந்தா என்ன என்று கேட்டாராம் என்றும் சொன்னேன்.

“யாரு பேரா இருந்தா என்னன்னா, எம் பேராவே இருக்கட்டுமே” என்றார் அக்கா. “அதுக்கு மட்டும் ஏன் வலிக்கிது?”

எனக்குக் கோபம் வந்தால் டைப்பிங் வேகமாக வரும். அன்றைக்கு வந்தது. புதன்கிழமை சாயங்காலத்துக்குள் படம் எடுக்கிற திரையைச் சரிசெய்தேன். ஆபீஸ் டேப்லெட்டை எடுத்து, படுக்க வைத்து, எதிரே இருந்த பீரோவைப் படம் பிடித்து, அடுத்த திரைக்குப் போனேன். சொர்ணவல்லி. பொத்தானை அழுத்தினேன். பதிந்தது, சொர்ணவல்லி. எழுந்து ஒரு சுற்று சுற்றி வந்தேன். எல்லாருக்கும் புது ஆப்பை அனுப்பினேன்.

வியாழக்கிழமை காலை அக்காவின் போன்.

“அண்ணன்தான் வருது.”

சாரிடம் லீவு கேட்கவில்லை, போகிறேன் என்று சொன்னேன். “ஒரு ஊரு மாட்டுக்குப் பேரு மாறுனதுக்கு லேப்டாப்பத் தூக்கிக்கிட்டுப் போவியா? ஒழுங்கா லாக் பண்ணு, அன்பு. கமிட்டியப் பகைச்சுக்காத” என்றார். மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். நான் செய்த தப்பை இன்னொரு தப்பு போட்டு மூடமாட்டேன் என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, அஞ்சு மணிக்குள் ஏதாவது ஒன்று நடந்தாக வேண்டும் என்றார். விராலிமலை பஸ்ஸைப் பிடித்து, அன்னவாசல், இலுப்பூர் தாண்டி, இறங்கி, ஷேர் ஆட்டோவில் குலுங்கி நான் போய்ச் சேரும்போது மணி இரண்டே முக்கால்.

சொர்ணவல்லி அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது இருக்கும். ஒல்லி. புருஷனை விட்டுப் பதினாறு வருடத்துக்கு முன்னால் வந்தவர். அண்ணன் வீட்டு வளவிலேயே தனி ஓட்டு வீடு, தனி அடுப்பு, தனி உழைப்பு; வீட்டு நம்பர் மட்டும் ஒன்று. கொட்டகையில் மாடு நின்றது. மயிலைக் காளை, பேர் தொரை. ஏழு மாதக் கன்றாக அரிமளம் பக்கத்தில் பார்த்து, கழனிக்கு நாற்று நடப் போய்ச் சேர்த்ததில் வாங்கினாராம். அஞ்சு வருடமாகக் குளத்தில் நீச்சல் பழக்குவதும், மண் குத்தப் பழக்குவதும், பருத்திக்கொட்டை ஆட்டிப் போடுவதும் எல்லாம் அவர்தான்.

“ரெண்டு வருசம் வாடிக்கு அனுப்புனேன்” என்றார். “ரெண்டு வருசமும் ஒருத்தன் தொட முடியல. மைக்குல உதயசூரியன் மாடுன்னான். நான் அங்கிட்டு பொம்பளைக நிக்கிற மேட்டுல நின்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். பக்கத்துல ஒருத்தி சொல்றா, ஒங்கண்ணன் மாடு நல்லா வளந்துருக்குடின்னு. வயிறு எரிஞ்சுபோச்சு தாயி.”

அந்த அண்ணனும் கொட்டகை வாசலில் வந்து நின்றார். குவைத்தில் பன்னிரண்டு வருடம் இருந்து வந்தவர், வெள்ளை வேட்டி, நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தார்.

“நான் என்ன மாட்டப் புடுங்கிக்கிட்டா போறேன்? ஊருல நம்மள அப்புடித்தான் சொல்லிப் பழகிட்டாங்க. அதுக்குப்போயி புதுக்கோட்டைலருந்து ஆளக் கூட்டிக்கிட்டு…”

“கூட்டல அண்ணே, நானா வந்தேன்” என்றேன்.

அக்காவின் போனை வாங்கவில்லை. நீங்களே செய்யுங்கள், நான் பார்க்கிறேன் என்றேன். அவர் பேரை அடித்தார். போனைப் படுக்க வைத்தார். தொரை தலையைத் திருப்பிக்கொண்டது. நாக்கால் ஒரு சத்தம் கொடுத்ததும் நேராக நின்றது. படம் எடுத்தார், அடுத்த திரைக்குப் போனார், பொத்தானை அழுத்தினார். பதிந்தது, உதயசூரியன்.

அண்ணன் ஒரு கனைப்புக் கனைத்தார். எனக்கு அழுகை வரும் போல இருந்தது. என் தொழிலில் எனக்குப் பெருமை உண்டு. ஒரு மாட்டுக்கும் அதன் சொந்தக்காரிக்கும் முன்னால் அது சரிந்து விழுவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மணி மூன்றரை.

“படுக்க வச்சா பேரு போகும்னு நெனச்சுத்தானே சரிபண்ணேன்” என்று முணுமுணுத்தேன்.

“படுக்க வைக்கிறப்ப போகல தாயி” என்றார் அக்கா. “நிமித்துறப்பதான் போகுது.”

“என்னக்கா?”

“நல்லாப் பாரு. படுக்க வச்சு எடுத்தேனா? அடுத்ததுக்குப் போனா எம் பேருதான் இருக்கு. ஆனா அதுல பொத்தானு தெரியல, கீழ அமுங்கிக் கெடக்கு. அதுக்காகப் போன நிமித்துறேன். அப்பத்தான், பொத்தானு மேல வர்ற நேரத்துல, எம் பேரு போயி எங்கண்ணன் வந்து ஒக்காந்துக்குறான். நம்ம கண்ணு பொத்தான்ல இருக்கும், பேரப் பாக்காது. நான் நேத்து ராவெல்லாம் நோட்டம் பாத்தேன்.”

இரண்டு நாளாக நானும் என் படிப்பும் தேடாத இடம் அது. நான் சோதித்தது டேப்லெட்டில். அது பெரிசு, படுக்க வைத்தாலும் பொத்தான் தெரியும், அதனால் நான் நிமிர்த்தவே இல்லை. மாட்டின் கண் எந்தப் பக்கம் உருள்கிறது, குளம்பு எப்போது மண்ணைக் கீறுகிறது என்று அஞ்சு வருடம் பார்த்தே பழகின பொம்பளை, என் ஆப்பையும் அதே மாதிரி பார்த்திருக்கிறார்.

பருத்திக்கொட்டை மூட்டைமேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். மூன்று திரையும் ஆளுக்கொரு பேரை வைத்துக்கொண்டிருந்தன. அதுதான் கோளாறு. இரண்டாவது திரைக்கு மட்டும் வைத்தியம் பார்த்துவிட்டு மூன்றாவதை விட்டுவிட்டேன். நிமிர்த்தினதும் அது புதிதாகப் பிறந்து, பேரைக் காணோமே என்று தலைக்கட்டிடம் ஓடியது. பேரை மூன்று திரைக்கும் வெளியே, ஒரே இடத்தில் வைத்தேன். எத்தனை தடவை பந்தலைப் பிரித்துப் போட்டாலும் சாமான் வீட்டுக்குள் பத்திரமாக இருக்கும்.

அப்புறம் அந்த வரிக்கு வந்தேன். தலைக்கட்டின் பேரைத் தானாகப் போடுகிற வரி. இனி அதனால் தொந்தரவு இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். போனில் நிலவழகன் சார் வந்தார், என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“சரியாயிருச்சு சார். தலைக்கட்டு வரியத் தூக்குறேன்.”

“அது கமிட்டி குடுத்த பட்டியல்மா! யாரக் கேட்டுத் தூக்குற?”

“யாரையும் கேக்கல. எழுதுறப்பவும் இந்த ஒம்பது பேரையும் கேக்கலையே சார். மறந்துபோனா எடத்த வெறுமனே விடட்டும். அடுத்தவன் பேர எதுக்கு எழுதணும்?”

அவர் ஏதோ சொன்னார், சிக்னல் இல்லாத மாதிரி வைத்துவிட்டேன். அந்த வரியை அழித்தேன். அழித்தபோது இருந்த சந்தோஷம் எனக்கு முதல் சம்பளம் வாங்கினபோதுகூட இல்லை.

புது ஆப் அக்காவின் போனில் ஏறும்போது மணி நாலு இருபது. பேர் அடித்தார். படுக்க வைத்தார். தொரை வாலைச் சுழற்றி ஈ ஓட்டியதில் முதல் படம் கெட்டது. இரண்டாவது படம் நன்றாக விழுந்தது, கொம்பு, திமில், வால் எல்லாம். அடுத்த திரை வந்தது. அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே போனை மெதுவாக நிமிர்த்தினார். பேர் நின்றது. மறுபடி படுக்க வைத்தார், நின்றது. தலைகீழாகக்கூடத் திருப்பினார். சொர்ணவல்லி, சொர்ணவல்லி, சொர்ணவல்லி.

“அமுக்கவா?”

“அமுக்குங்கக்கா!”

நாலு முப்பத்தாறுக்குப் பதிந்தது. அடுத்த இருபது நிமிடம் அக்கா போனைக் கீழே வைக்கவில்லை. “ஏய் செவந்தி, புதுசா வந்துருக்கத ஏத்து. படுக்க வச்சு எடு. நிமித்து. பேரு நிக்கும்டி, நான் பாத்துட்டேன், எடு!” மீதி எட்டு பேரில் ஆறு பேர் பதிந்தார்கள். ஒருத்தியின் கொழுந்தன் போனைப் பிடுங்கிக்கொண்டானாம். இன்னொருத்தி, வேண்டாம்க்கா, வீட்டில் சண்டை வரும் என்று சொல்லிவிட்டாள். அஞ்சு மணிக்குப் பட்டியல் மூடியது.

கமிட்டி எங்களைக் கைவிடவில்லை, வேறு ஆள் கிடைக்காததால்தான். அதனால் ஜல்லிக்கட்டு அன்றைக்கு வாடிவாசலுக்குப் பின்னால், மாடுகள் வரிசையாக வந்து நிற்கிற சந்தில், டோக்கன் சரிபார்க்க டேப்லெட்டோடு நான் நின்றேன். வெயில் காலை எட்டு மணிக்கே முறைத்தது. முதலில் கோயில் மாடு போனது, அதை யாரும் பிடிக்கக் கூடாது. அப்புறம் ஏழு ஊர் மாடுகள். தொரைக்கு முப்பத்தோராவது நம்பர். அக்காவே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். நெற்றியில் பட்டையாகச் சந்தனம், சேலையை இழுத்துச் செருகியிருந்தார். அண்ணனும் பின்னாலேயே வந்தார்.

மைக் மேடையில் நிற்கிறவர் இருபது வருடமாக அதே வேலை செய்பவர். ஏழு ஊர் மாட்டையும் பார்த்ததும் சொல்லிவிடுவார், பட்டியல் பக்கம் கண்ணே போகாது. தொரையின் கொம்பைப் பார்த்தார்.

“அடுத்து வருதுப்பா, நம்ம செங்குளத்துப்பட்டி உதயசூரியன் மாடு! மாட்டப் பாத்துக்க, மாட்டப் பாத்துக்க!”

இதுக்காடா மூணு நாள் நாயாய் உழைத்தோம்! ஆப்பைத் திருத்திவிட்டேன், மைக்காரர் வாயைத் திருத்த மறந்துவிட்டேன்.

மூக்கணாங்கயிற்றை அறுக்கக் கத்தியோடு ஒருவர் வந்தார். அக்கா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, “கையெடு” என்றார்.

“என்னத்தா? அவுத்து விடு!”

“அது உதயசூரியன் மாட்டுக்குச் சொன்னது. உதயசூரியன் மாடு எங்க இருக்குன்னு பாத்து அத அவுங்க. இது சொர்ணவல்லி மாடு. பேரச் சொன்னா அவுப்பேன்.”

பின்னால் மாடுகள் முட்டிக்கொண்டன. முந்நூறு மாடு நிற்கிற சந்து. ஆளாளுக்குக் கத்தினார்கள். வீரய்யா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“ஏ சொர்ணம், நேரமாவுது! பின்னாடி அம்புட்டு மாடு நிக்கிது.”

“நிக்கட்டும் பெரியப்பா. நான் அஞ்சு வருசமா நிக்கிறேன்.”

“ஒரு பேருல என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லைன்னா சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க.”

அண்ணன் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். தொரை ஒரு தடவை தலையை உலுக்கியது, அக்கா அதன் கழுத்தைத் தட்டிக் கொடுத்தார்.

நான் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மேடைக்கு மூங்கில் ஏணி. “பொம்பளப் புள்ள மேல ஏறக் கூடாது” என்று எவனோ காலைப் பிடிக்க வந்தான். “அப்ப நீ ஏறி வாசிடா, படிக்கத் தெரியுமா?” என்றேன், விட்டுவிட்டான். மைக்காரரின் மூக்குக்கு நேரே பட்டியலை நீட்டினேன்.

“முப்பத்தொண்ணு. வாசிங்க ஐயா.”

“எழுத்து பொடியா இருக்கேத்தா” என்று கண்ணைச் சுருக்கினார். டேப்லெட்டைக் கையில் வாங்கிப் படுக்க வைத்தார். திரை பிரிந்து, மறுபடி கட்டி எழுந்தது. எழுத்துப் பெரிதாக வந்தது, பேர் மாறவில்லை. அவர் அதைப் பார்த்தார், கீழே கயிற்றோடு நிற்கிற அக்காவைப் பார்த்தார், வீரய்யாவைப் பார்த்தார். வீரய்யா கையை உதறி, சொல்லித் தொலை என்று சைகை காட்டினார்.

“முப்பத்தோராம் நம்பர்! செங்குளத்துப்பட்டி சொர்ணவல்லி மாடு வருதுப்பா! சொர்ணவல்லி மாடு!”

பெண்கள் நிற்கிற மேட்டிலிருந்து ஒரு குலவைச் சத்தம் எழுந்தது. அக்கா கத்தியை வாங்கித் தன் கையாலேயே கயிற்றை அறுத்தார். தொரை புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தது. ஒருத்தனைச் சுழற்றிப் போட்டது, இரண்டாவது ஆள் ஓடியே போனான். மூன்றாவதாக ஒரு பையன், பச்சை பனியன், பக்கவாட்டிலிருந்து திமிலைக் கட்டினான். தொரை ஒரு சுற்று சுற்றியது, இரண்டு சுற்று சுற்றியது. அவன் விடவில்லை. கோட்டைத் தாண்டிவிட்டான்.

“புடிச்சாச்சு, புடிச்சாச்சு! சொர்ணவல்லி மாடு புடிமாடு! வீரருக்கு ஒரு அண்டா!”

இரண்டு வருடம் எவனும் தொடாத மாடு, இன்றைக்குப் பார்த்தா இப்படி ஆக வேண்டும்? ஏணியில் இறங்கி அக்காவிடம் போனேன். அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“பாத்தியா? எம் பேருல ரெண்டு வருசம் ஜெயிச்சுச்சு. ஒம் பேரச் சொன்ன ஒடனே புடிபட்டுப் போச்சு. ஊரே கேட்டுச்சு.”

அக்கா அறுந்த கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் இருந்தது, துடைக்கவில்லை.

“ஜெயிச்சதெல்லாம் ஒம் பேருல இருந்துச்சு, எடுத்துக்க” என்றார். “தோத்ததுதான் மொத மொத எம் பேருல இருக்கு. நல்லாக் கேக்கட்டும். அடுத்த வருசமும் இதே பேருதான்.”

சொல்லிவிட்டு, மாட்டைப் பிடிக்க வயல் பக்கம் வேகமாக நடந்தார். மைக்கில் அடுத்த மாட்டின் பேர் வந்தது. மைக்காரர் இந்தத் தடவை மாட்டைப் பார்க்கவில்லை, டேப்லெட்டைப் பார்த்துத்தான் வாசித்தார். செவந்தி மாடு என்றார்.